நான்குக்கு மேல்

மரியதாஸின் கடையில் இரண்டு அம்ப் இருந்தன.
கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்புறம்,
தண்ணீர்ப் பம்புகளுக்குச் செப்புக்கம்பி சுற்றும் மேசையில்
சுற்றி முடியாத ஒரு மோட்டாருக்கு இரு பக்கமும்.

பெரியது நாற்பது வாட். உத்தரவாதச் சீட்டும் உண்டு.
ஈ மைனர் போட்டேன்.
ஆறு தந்தியும் ஆறு ஆட்களாய் வரிசையில் நின்றன
அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி.
மோதிர விரல் பிந்தியது கேட்டது.
நகம் உரசியது கேட்டது.
காலையில் வங்கிக் கவுண்டரில் தாள் எண்ணிய களைப்புக்கூட.
"துப்பரவு" என்றார் மரியதாஸ்,
பைப் தண்ணீரைப் பற்றிச் சொல்வதுபோல.

சிறியது பதினைந்து வாட், வால்வு.
துணுக்காயில் ஒரு இசைக்குழு கலைந்தபோது வந்ததாம்.
ட்ரம் அடித்தவன் கட்டாருக்கு,
பாடினவள் கலியாணம் கட்டி டென்மார்க்குக்கு.
கிற்றார்காரனைப் பற்றி அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவுமில்லை.
சூடேற ஒரு நிமிஷம் எடுத்தது.
பின்பக்க ஓட்டையால் பார்த்தேன்:
நுளம்புத்திரி நுனிபோல் இரண்டு சிவப்பு.

ஐந்து வரை ஒழுங்கான பிள்ளை.
ஆறில் ஓரம் பிய்ந்தது.
ஏழில், அதே ஈ மைனர்,
லாண்ட்மாஸ்டர் வயலுக்குள் இறங்கச்
சேறு இரண்டு பக்கமும் பிளந்து எழும்புமே,
அப்படி.
என் பிழையைத் தேடினேன்.
எல்லாமே பிழையாக இருந்ததில்
அதைத் தனியே பிடிக்க முடியவில்லை.

பக்கத்துக் கடைப் பஞ்சலிங்கம் ஓடிவந்தார்,
"என்ன, ஜெனரேற்றர் எரியுதோ?"

மருந்துச் சீட்டோடு றோட்டால் போன ஒரு பெண்
நின்றாள்.
அண்ணாந்து பார்த்தாள்.
மேலே ஒன்றுமில்லை. மின்கம்பி, இரண்டு காகம்.
நான் திருகியை மூன்றுக்குக் கொண்டுவந்தேன்.
அவள் போனாள்.

"கோன் ஓரத்திலை சின்னக் கிழிசல் இருக்கு,
ஒட்டித் தாறன், நாளைக்கு எடுங்கோ."
"ஒட்ட வேண்டாம்."
"பிழையோடையோ கொண்டுபோகப் போறியள்?"
"அதுக்கும் சேர்த்துத்தான் காசு."
அரிசியில் கிடக்கும் கல்லுக்கும் விலை பேசுகிறவளைப்போல்
என்னைப் பார்த்தார்.
என்றாலும் இரண்டாயிரம் குறைத்தார்.

உண்மையில், பெரியதுதான் சரி.
கலியாண வரவேற்புக்கு அது. பெருநாளுக்கும் அது.
கீபோர்ட் றொபின்சன் போனில் சொன்னான்:
"கிளீனை எடு. மற்றதைப் பெடலிலை செய்யலாம்."
செய்யலாம்.
காலால் மிதித்தால் கோபம், இன்னொருமுறை மிதித்தால் சமாதானம்.
எனக்கு அப்படி வருவதில்லை.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான்
என் நாள் முழுக்கப் போகிறது.

பரந்தன் பஸ்ஸில் கண்டக்டர் அம்புக்கும் அரை டிக்கெட் கிழித்தான்.
தலைக்கு மேலே பஸ்ஸின் ஸ்பீக்கர்,
என்னுடையதைவிடப் பெரிய கிழிசல்.
ஒருவரும் காதைப் பொத்தவில்லை.
ஒரு கிழவர் தாளம்கூடப் போட்டார்.

வீட்டில் ஆறரை மணி,
ஊரெல்லாம் மோட்டார் போடுகிற நேரம்.
வோல்ற்றேச் விழுந்து சிவப்பு மங்கியது.
தகர வேலிக்கு அந்தப்பக்கம் நிதர்சினியின் பிள்ளை,
துடக்குக் கழித்து ஒரு கிழமைதான்.
நான்கில் வைத்து வாசித்தேன்.

இப்போது அது குப்புறப் பிரளுகிறது.
வேலியைப் பிடித்து நிற்கவும் பார்க்கும்.
நான் இன்னும் நான்கில்தான்.
திருகியைச் சுற்றி வெள்ளை எழுத்தில் இலக்கங்கள்,
எல்லாம் புதிதுபோல.
ஏழு மட்டும் தேய்ந்திருக்கிறது.